பெயரில்லாத சிலுவை

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலித்த உரை)



இலக்கியம் பேச அழைத்தால், இவர் இரும்புத் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிப்பவன். பாடசாலை விட்டு வீடு திரும்பியபின் என்னைப் பிடித்தாட்டுவது வேறொரு பைத்தியம். பழைய படைச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்பது. பொத்தான், தொப்பிச் சின்னம், பதக்கம் என்று எது கிடைத்தாலும் சரி. "வாத்தியாருக்கு ஏன் இந்தப் பழைய இரும்பு வேலை?" என்று கெலிஓயாச் சந்தியில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளை முன்னே பரப்பிக்கொண்டு, எது மூலபாடம், எது பாடபேதம், எது பின்னாளில் நுழைந்த இடைச்செருகல் என்று பார்த்தார்கள் அல்லவா? அதே வேலையைத்தான் நான் தகரத்திலும் பித்தளையிலும் பார்க்கிறேன். அவர்கள் தூக்கியது மலை, நான் பொறுக்குவது கூழாங்கல். முறை மட்டும் ஒன்று.

எங்கள் பக்கத்தில் இந்தப் பைத்தியம் பிடிப்பதில் அதிசயமில்லை. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறினால் சில நிமிட ஓட்டம். கிழங்குக்கு மண் வெட்டிய இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொத்தான் அந்தக் காலத்துப் படையினன் எவனோ தவறவிட்டதாக இருக்கவேண்டும். முகப்பு அரித்துப் போயிருந்தது. பின்புறத்தில், எனக்காகவே எழுதி வைத்ததுபோல, இலண்டன் நிறுவனம் ஒன்றின் பெயர் தெளிவாக இருந்தது. எதையும் திருப்பிப் பார்க்கவேண்டும் என்ற பாடத்தை அன்று படித்தேன்.

இன்று நான் சொல்ல வந்தது பிரித்தானியப் பொத்தானைப் பற்றி அல்ல, ஜேர்மன் சின்னம் ஒன்றைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டியிடம் 'எம்டன் பதக்கம்' இருப்பதாகச் சொன்னான். கெலிஓயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டம் ஒன்றை ஒட்டியது அவர்கள் வீடு. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே கறுப்புச் சிலுவை. நாற்புறமும் வெள்ளி விளிம்பு.

"எங்கப்பா சின்னப் பையனா கொழும்புத் துறைமுகத்தில நின்னப்ப, எம்டன் கப்பல்காரங்களைக் காயத்தோட இறக்கினாங்களாம். ஒருத்தன் தண்ணிக்குத் தவிச்சிருக்கான். அப்பா ஒரு செம்பு தண்ணி குடுத்தாரு. அவன் நெஞ்சில குத்தியிருந்ததைக் கழட்டி அப்பா கையில வச்சுட்டான். அப்பா சாகிற வரைக்கும் இதைச் சொல்லுவாரு ஐயா."

கதையைக் கேட்டபோது எனக்கும் கண் கலங்கிற்று. சேகரிப்பாளன் கண் கலங்கினால் காரியம் கெட்டது. ஆகவே பொருளை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

இரும்புச் சிலுவை என்ற விருது 1813 மார்ச் 10ஆம் திகதி பிரஷிய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் நெப்போலியனுக்கு எதிரான போருக்காக ஏற்படுத்தியது. அந்நாளில் பெண்கள் போர்ச் செலவுக்குத் தங்க நகைகளைக் கழற்றிக் கொடுத்து இரும்பு நகைகளைப் பெற்று அணிந்தார்கள். அந்த இல்லாமையின் பெருமைதான் விருதுக்கும் இரும்பைத் தந்தது. 1870இல் அதே விருது மீண்டும் எழுந்தது. 1914 ஆகஸ்ட் 5இல் மூன்றாம் முறை. 1939 செப்டெம்பர் 1இல் நான்காம் முறை. ஒரு நூல் நான்கு பதிப்புக் கண்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் எங்கோ ஓரிடத்தில் 1813 என்ற ஆண்டு இருக்கும். அதை மட்டும் பார்த்து, "நெப்போலியன் காலத்துச் சிலுவை" என்று துள்ளிக் குதித்தவர்கள் பலர். முதற்பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டு நான்காம் பதிப்பை முதற்பதிப்பென்று வாங்குவது போன்ற ஏமாற்றம் அது.

பாட்டியின் சிலுவையில் ஒரு முகத்தில் மேலே முடி, நடுவில் டபிள்யூ என்ற எழுத்து, கீழே 1914. மறுமுகத்தில் முடி, எஃப் டபிள்யூ என்ற எழுத்துகள், ஓக் மரத்தின் இலைகள், 1813. ஆக, முதலாம் உலகப் போர்க் காலத்து இரண்டாம் வகுப்புச் சிலுவையின் வடிவம்.

வடிவம் சரி. உண்மையானதா, பின்னாளில் வார்த்த போலியா? இதற்கு விளிம்பைப் பார்க்கவேண்டும். உண்மையான சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. கறுப்பிட்ட இரும்புத் தகடு நடுவில். முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள் அதைக் கவ்வி நிற்கும். இரண்டு சட்டங்களும் கூடும் பொருத்துக்கோடு ஓரத்தில் மெல்லிதாக ஓடும். மலிவான போலிகள் ஒரே வார்ப்பு. கறுப்பு மையைப் பூசி, ஓரத்துக்கு வெள்ளிப்பூச்சுப் போட்டு ஆளை ஏய்க்கப் பார்க்கும். வீட்டிலிருந்த பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். சிலுவை அதில் ஒட்டியது. காந்தம் ஒட்டினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள், இரும்பு வைத்தே போலி செய்கிறவனும் இருக்கிறான். பூதக்கண்ணாடியில் பொருத்துக்கோடு தெரிந்தது. கறுப்பு தேய்ந்த இடங்களில் பழந்துரு. வளையத்தில் செய்தவரின் முத்திரை இருந்திருக்கிறது; தேய்ந்து, எழுத்து என்று சொல்ல முடியாத ஒரு கீறலாய் நின்றது. எனக்குத் தெரிந்த அளவில் பொருள் உண்மையானது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். கண்டியில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில், 1939ஆம் ஆண்டின் சிலுவை என்று ஒன்றை எனக்குக் காட்டினார்கள். நடுவே சுவஸ்திகம். "உங்கட சாமிச் சின்னந்தானே சேர்" என்றார் கடைக்காரர். கோலத்திலும் கலியாண அட்டையிலும் நாம் போடும் சின்னந்தான். ஆனால் அந்தக் கறுப்பு இரும்பின் மேல் அதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது உடவத்தைக்கெலே காட்டிலிருந்த பிக்கு ஒருவரை. ஞானபோனிக தேரர். 1901இல் ஜேர்மனியின் ஹனாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறி 1936இல் இலங்கை வந்தார். போர் தொடங்கியதும் பிரித்தானியர், ஜேர்மனியில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவின் டெஹ்ராடூனிலும் தடுத்து வைத்தார்கள். அவரைத் துரத்திய நாட்டின் பிரசை என்று அவருக்கே சிறை! விடுதலையான பின் கண்டிக்கு வந்து, 1994இல் மறையும்வரை அந்தக் காட்டிலேயே வாழ்ந்தார். ஜேர்மனியிலேயே 1957ஆம் ஆண்டுச் சட்டம் பழைய படைவீரர்கள் அந்த விருதைச் சுவஸ்திகம் நீக்கிய வடிவில் மட்டும் அணிய இடங்கொடுத்தது. சுவஸ்திகம் இருந்த இடத்தில் ஓக் இலைகள் வந்தன. கடைக்காரர் காட்டியது ஒரே வார்ப்பு, சுத்தப் போலி. வாங்காமல் திரும்ப ஒரு சாட்டுக் கிடைத்ததென்று மகிழ்ந்தேன். அது உண்மையானதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

பாட்டியின் வீட்டுக்குத் திரும்புவோம்.

பொருள் உண்மை. கதை உண்மையா?

எம்டனை அறியாத தமிழர் இல்லை. 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டுவீசி எரித்துவிட்டு மறைந்த ஜேர்மன் போர்க்கப்பல் அது. பிறகு எங்கள் கரையோரமாக வந்து, கொழும்பை நோக்கி வந்த வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. ஆட்களைப் பத்திரமாக இறக்கி அனுப்பிவிட்டுக் கப்பலை மட்டும் மூழ்கடித்த கப்டன் வான் முல்லரைப் பகைவரே பாராட்டினார்கள். கப்பல் போனது, சொல் தங்கிவிட்டது. பொல்லாத சூழ்ச்சிக்காரனை, கெட்டிக்காரனை, பிடிபடாதவனை 'எம்டன்' என்கிறோம். சிங்களப் பேச்சிலும் இந்தச் சொல் உண்டு. 2006இல் தமிழ்நாட்டில் 'எம்டன் மகன்' என்று பெயரிட்ட படம், தமிழ்ப் பெயருக்கு அப்போது கிடைத்த வரிவிலக்குக்காக 'எம் மகன்' ஆனது. நூறு வருடம் தமிழன் வாயில் புழங்கிய சொல்லுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

எம்டனின் முடிவு 1914 நவம்பர் 9ஆம் திகதி, கொக்கோஸ் தீவுகளருகே. அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைச் சிதைத்தது. கைதிகளோடும் காயப்பட்டோரோடும் சிட்னி கொழும்புக்கு வந்து சேர்ந்தது நவம்பர் 15இல். காயப்பட்ட ஜேர்மனியரை மதித்து, தங்கள் கப்பல் நுழையும்போது ஆரவாரம் எழுப்பவேண்டாம் என்று சிட்னியின் கப்டன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ஆகவே பாட்டியின் தந்தை துறைமுகத்தில் நின்றிருக்கலாம். காயக்காரர் இறங்கியதைக் கண்டிருக்கலாம். ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சிலுவை?

இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். எம்டன் சீனக் கரையிலிருந்த ஜேர்மன் தளமான சிங்டாவ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது ஜூலை 31. பெர்லினில் 1914ஆம் ஆண்டுச் சிலுவைக்கு ஆணை பிறந்தது ஆகஸ்ட் 5. ஒரு ரஷியக் கப்பலைப் பிடித்துக்கொண்டு எம்டன் ஆகஸ்ட் 6இல் சிங்டாவுக்கு ஒருமுறை வந்து மீண்டும் கடலுக்குப் போனது. அதன்பின் தான் அழியும் நாள்வரை சிங்டாவுக்கு அது திரும்பவில்லை. விருது என்ற சொல் கம்பியில்லாத் தந்தியில் பறந்து வரும். வெள்ளி விளிம்பிட்ட இரும்பு பறந்து வராது. எம்டன் மாலுமிகளுக்குச் சிலுவை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் கொழும்பில் இறங்கிய எந்த மாலுமியின் நெஞ்சிலும் 1914 என்று பொறித்த சிலுவை குத்தியிருந்திருக்க முடியாது. கொடுக்க அவர்களிடம் இருந்திருக்கக்கூடியது சட்டைப் பொத்தான். அல்லது கப்பலின் பெயர் எழுதிய தொப்பி நாடா.

'எம்டன் பதக்கம்' என்று உலகில் வேறொன்று உண்டு. அதையும் நினைத்துப் பார்த்தேன். உடைந்த கப்பலிலிருந்து மெக்சிக்கோ வெள்ளி டொலர்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு மேலே முடி வைத்துப் பதக்கமாக்கினார்கள். சிட்னியின் மாலுமிகளுக்கு அவை நினைவுப் பரிசு. அதிலுள்ள கழுகைக் கண்டு ஜேர்மன் கழுகென்று மயங்குகிறவர்கள் உண்டு. அது பாம்பைக் கவ்விய மெக்சிக்கோக் கழுகு. பாட்டியிடம் இருந்தது அதுவுமல்ல.

இதை அவரிடம் சொல்வதா விடுவதா? பல நாள் சொல்லாமலே இருந்தேன். சந்தியில் மாணவன் கேட்கும்போதெல்லாம் "பார்க்கிறேன்" என்று தப்பினேன். ஒரு வயோதிபத் தாயின் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்துத்தான் என் ஆராய்ச்சி நிமிரவேண்டுமா என்று மனைவியும் கேட்டாள்.

இரண்டு விடயங்கள் என்னை உறுத்தின. ஒன்று எங்கள் கண்டியோடு சம்பந்தப்பட்டது. தென்னாபிரிக்கப் போயர் யுத்தக் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர் எங்கல்பிரெக்ட். பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, யால வனத்தின் முதற் காவலரானார். 1914இல் அவர் எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று ஒரு கதை கிளம்பியது. எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் மனிதரைப் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். பின்னர் விட்டார்கள், பழியை விடவில்லை. 1922இல் அம்பாந்தோட்டையில் அவர் இறந்தார். 1931இல் புதிய எம்டன் கப்பலின் தலைவராக வித்தோஃப்ட் என்பவர் இலங்கைக்கு வந்தார். பழைய எம்டனில் அதிகாரியாக இருந்தவர் அவர். தம் கப்பல் இறைச்சி எதுவும் வாங்கவில்லை என்று அவர் சொன்னபோது, அதைக் கேட்கவேண்டியவர் மண்ணுக்குள் போய் ஒன்பது வருடம்.

மற்றது என் சொந்தக் குற்றம். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார், சென்னையில் குண்டு விழவேண்டிய இடத்தைக் காட்டினார் என்று என் ஆசிரியர் எனக்குச் சொன்னார். நான் என் மாணவர்களுக்குச் சொன்னேன், கைகளை வீசி, குரலை ஏற்றி இறக்கி, வருடக்கணக்காக. வகுப்பு அசையாமல் கேட்கும். பாட்டியின் சிலுவைக்கு வைத்த அதே அளவுகோலை ஒருநாள் இரவு இதற்கும் வைத்துப் பார்த்தேன். 1914இல் பிள்ளை சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கு அமைப்பு நிறுவிக்கொண்டிருந்தார்; போர் மூண்டபின் அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். சிங்டாவில் புறப்பட்டு வங்கக் கடலில் திரிந்த கப்பலில் அவர் ஏறுவதற்கு வழியே இல்லை. அவர் பெர்லினில் செய்தவை மெய், 1934இல் அங்கேயே இறந்ததும் மெய். எங்களுக்கு அது போதாமல் கப்பலிலும் ஏற்றிவிட்டோம். நானே அவரை எத்தனை முறை ஏற்றியிருப்பேன்!

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, "நான் சொன்னது பிழை" என்றேன். பின்வாங்கிலிருந்து ஒருவன், "அப்ப உங்களுக்கு யார் சேர் சொன்னது?" என்று கேட்டான். ஆசிரியர் சொன்னார் என்றேன். வகுப்பு சிரித்தது. அன்று பின்னேரமே பாட்டி வீட்டுக்குப் போனேன்.

தண்ணீர் கொடுத்தது நடந்திருக்கலாம், ஆனால் இந்தச் சிலுவை எம்டனிலிருந்து வந்ததல்ல என்று, திகதிகளை விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். பாட்டி முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப இது பெரிய துரையோடதா இருக்கும்" என்றார்.

எந்தத் துரை? முதல்முறை நான் கேட்க மறந்த கேள்வி அது. அவருடைய தந்தை பிற்காலம் முழுதும் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்தவராம். அந்தப் பங்களாவின் துரை சண்டைக்குப் போய், காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு திரும்பியவராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டியைத் தலைமையகமாகக் கொண்டது இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை. 1914 ஒக்டோபரில் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறி, கலிப்பொலிவரை போயிற்று. அவர்களில் பலர் பின்னர் பிரித்தானியப் படைகளில் அதிகாரிகளானார்கள். மேற்குப் போர்முனையில் கைதிகளிடமிருந்தும் இறந்தவர்களிடமிருந்தும் இரும்புச் சிலுவைகளை எடுத்து நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுவருவது அந்தக் காலத்துப் படையினரின் வழக்கம். ஏறத்தாழ 50 இலட்சம் வழங்கப்பட்ட விருது, கிடைப்பது கடினமல்ல. வழி பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நடந்தது வேறு. அந்தப் போருக்குப் பிரித்தானியர் வழங்கிய பதக்கங்களின் ஓரத்தில் வீரனின் பெயரும் படைப்பிரிவும் வெட்டப்பட்டிருக்கும். அதை வைத்து ஆளைத் தேடிப் போகலாம். ஜேர்மன் இரண்டாம் வகுப்புச் சிலுவைக்கு அந்த வழக்கமில்லை. யார் நெஞ்சில் இருந்தது என்று அது சொல்லாது.

"துரை ஏன் அப்பாவுக்குக் குடுத்தாரு?" என்று பாட்டி கேட்டார். நான் விடை சொல்லவில்லை. "அப்பா ஏன் கப்பல்காரன் குடுத்தான்னு சொன்னாரு?" என்று அடுத்த கேள்வியையும் அவரே கேட்டு, அதற்குத் தானே தலையசைத்துக்கொண்டார்.

நான் பொருளுக்கொரு குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். அன்றும் ஒரு துண்டுக் கடதாசி எடுத்து எழுதினேன். ஜேர்மன் இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு, 1914ஆம் ஆண்டு அமைப்பு, மூன்று துண்டு, உண்மையானது. எம்டன் கப்பலிலிருந்து வந்ததல்ல. முதலில் யாருடையது என்று தெரியாது. வாசித்துக் காட்டினேன். பேரனை விட்டு இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

"இதில எங்கப்பா பேரு இல்லையே ஐயா."

பேனாவைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெயரை எழுதினேன். பெயருக்கு முன்னால் 'பங்களா வேலை' என்றும் போடச் சொன்னார். போட்டேன். கடதாசியை நான்காய் மடித்துச் சிலுவையோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, சாமிப்படத்துக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தார்.